இஷாவுக்குப் பின்னுள்ள நேரம்



இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் வருகிறது. முன்பெல்லாம் இந்த ஹதீஸைத் திண்ணை அரட்டைக்குப் பொருத்தி விளக்குவார்கள். இன்று மேலூரிலும் சுற்றுப்பட்டிகளிலும் திண்ணையில் ஆளில்லை. அரட்டை போர்வைக்குள் போய்விட்டது. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். ஐந்து முகங்களிலும் செல்போன் வெளிச்சம்.

செல்போன் ஹராம் என்று சொல்ல நாம் வரவில்லை. தடை போட்டால் தீர்ந்துவிடும் என்றும் நாம் நம்பவில்லை. மேலூர் சாலையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 3-ல் டிக்டாக்கைத் தடுக்கும்படி உத்தரவிட்டது. ஆபாசமும் பிள்ளைகளின் பாதுகாப்புமே அன்றைய கவலை. அதே மாதம் 24-ல் தடை விலகியது. 2020 ஜூனில் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு அதை நிறுத்தியது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸ் வந்தது. கடையின் பெயர்ப்பலகை மாறியதே தவிர சரக்கு மாறவில்லை.

அந்தச் சரக்கு பிள்ளைகளிடமிருந்து எதை எடுக்கிறது? குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓதும்படி முஸ்ஸம்மில் சூராவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஓதுவது மட்டுமல்ல, எந்தப் படிப்புக்கும் அந்த நிதானம் வேண்டும். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளத் தள்ள வரும் படத்துக்கு அது கிடையாது. அடுத்தது இதைவிட நன்றாயிருக்குமோ என்ற ஆசையிலேயே இரவு ஒரு மணியாகிவிடும். மக்தபில் நாம் பார்க்கிறோம்: ஒரு ருகூவை அமர்ந்து ஓதிய பிள்ளை, மூன்றாவது வரியிலேயே தலையைத் தூக்குகிறது. அறிவு குறைந்துவிடவில்லை, பொறுமைதான் பழக்கம் விட்டுப்போயிற்று. தூக்கம் கெட்டதால் சுப்ஹும் போகிறது. பகலில் அம்மாவிடம் எரிந்து விழுவதும், யாரோ ஒருத்தியின் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை வெறுப்பதும் தனி.

படிப்புக்காக விழிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. முஸ்லிம்களின் காரியங்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் அபூபக்ர் (ரலி) அவர்களோடு பேசியிருந்தார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். "பாடம் பார்க்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையின் அருகில் மட்டும் சற்று உட்காருங்கள்.

கொரோனா காலத்தில், 2020-ல், பள்ளிப் பாடத்துக்கென்று கடன் வாங்கி போன் வாங்கிய வீடுகள் பல. அதை இனி வெளியே எறிய முடியாது. கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கும் முறை வைக்கத் தெரியாதா? இஷாத் தொழுததும் வீட்டின் எல்லா போன்களும் ஓரிடத்தில் இருக்கட்டும். முதலில் அத்தாவின் போன்! பதினோரு மணிக்கு, பத்துப் பேருக்கு அனுப்பினால் பரக்கத் என்ற ஆதாரமற்ற செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும் அத்தா, மகனை எந்த முகத்தோடு கண்டிப்பார்?

வெறுமனே பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நன்னி நபிமார் வரலாறு சொல்ல, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்த வீடுகள் நம்முடையவை. அந்த நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும்; பத்துப் பக்கம் போதும். மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. துணி எடுக்க மதுரைக்கு பஸ் ஏறும் நாம் இதற்கும் ஒருநாள் ஏறலாம்.

இன்னொன்று. பிள்ளை பல நாள் உறங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், கண் பட்டது என்று ஓதி ஊதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். மருந்து செய்யச் சொன்னவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். வாழ வேண்டாம் என்று பிள்ளை வாய்தவறிச் சொன்னால்கூட அன்றே செய்யுங்கள், நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

போனில் குர்ஆன் ஓதலாமா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். ஓதலாம், நன்மையும் உண்டு. ஆனால் ஆயத்தின் நடுவே மேலிருந்து ஒரு செய்தி வந்து விழும். கண் அங்கே போகும். இணையத்தை அணைத்துவிட்டு ஓதுங்கள். வீட்டில் ரிஹாலும் முஸ்ஹஃபும் இருந்தால் அதில் ஓதுவதே மேல். முஸ்ஹஃபு இல்லாதவர்கள் பள்ளிவாசலில் இமாமிடம் கேளுங்கள்.