ஆப்தவாக்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



பெரியோர் சொன்னார்கள், ஆகையால் நம்புகிறோம் என்று நாம் சொன்னால் இளைஞர்கள் சிலர் நகைக்கிறார்கள். கண்ணால் கண்டதை நம்பலாம், காரணம் காட்டி நிறுவியதை நம்பலாம், ஒருவருடைய வாய்ச்சொல்லை எங்ஙனம் நம்புவது என்று கேட்கிறார்கள். கேள்வி தவறானதன்று. நம் பூர்வாசார்யர்கள் இக்கேள்விக்கு அஞ்சியவர்களும் அல்லர்.

உண்மையறிவு நமக்கு வந்து சேரும் வழியை ப்ரமாணம் என்பர். விசிஷ்டாத்வைத தர்சனத்தில் அது ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என மூன்றாகும். இந்த மணப்பாறை மாட்டுச் சந்தையிலேயே மூன்றையும் காணலாம். உழவுமாடு வாங்க வந்தவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், அது ப்ரத்யக்ஷம். பல்லைக் கொண்டு வயதை நிர்ணயிக்கிறார், அது அநுமானம். ஆனால் ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளுமா, அந்நியரைக் கண்டால் முட்டுமா என்பதைப் பல் சொல்லாது. அறிந்தவர் சொல்லத்தான் வேண்டும். விற்பவருக்குத் தெரியும், ஆனால் அவருக்கு மறைக்கக் காரணமுண்டு. வழிப்போக்கருக்கு மறைக்கக் காரணமில்லை, ஆனால் விஷயம் தெரியாது. (தரகர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சந்தைக்குப் போனவர்களே அறிவார்கள்!) ஆகவே விற்பவரின் ஊரிலேயே இருந்து அந்த மாட்டைப் பார்த்துவந்த, இந்த விலையில் பங்கில்லாத ஒருவரைத் தேடிக் கேட்கிறோம். அவரே ஆப்தர். உள்ளதை உள்ளபடி அறிந்தவர், வஞ்சிக்கும் எண்ணமற்றவர். அவர் சொல்லை ஏற்பது குருட்டு நம்பிக்கையாகுமா?

ஸ்ரீ ஆளவந்தார் ஆகமப்ராமாண்யம் என்னும் வடமொழி நூலை இயற்றியது இந்த நியாயத்தின் மேல்தான். பாஞ்சராத்ர ஆகமம் ப்ரமாணமாகாது என்று அந்நாளில் மீமாம்ஸகர் வாதிட்டனர். இதை வெறும் பண்டிதச் சண்டை என்று எண்ணலாகாது. திருவரங்கம் பெரிய கோயிலில் அன்றாடத் திருவாராதனம் நடப்பது பாஞ்சராத்ர முறைப்படியே. ஆகமம் விழுந்தால் அந்த ஆராதனத்துக்கு ஆதாரம் ஏது? ஆளவந்தார் சொன்ன விடையின் கருத்து இது: சொல்லுக்கு இயல்பிலே குற்றம் இல்லை, அறியாமையாலோ வஞ்சனையாலோ சொல்பவனிடமிருந்தே குற்றம் வந்து சேர்கிறது. ஸர்வஜ்ஞனாகவும் பரமகாருணிகனாகவும் வேதம் ஓதும் ஸ்ரீமந்நாராயணனே அருளிய ஆகமத்தில் அவ்விரண்டிற்கும் இடமில்லை. வேதத்தையே ஒப்பாதவருக்கு இந்த வாதம் போதாது என்பது உண்மைதான். அவர் வாதிட்டது வேதத்தைத் தலைமேல் கொண்டவர்களோடு.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். குடத்தைக் கண்டு குயவனை அறிவது போல உலகத்தைக் கண்டு ஈச்வரனை அநுமானத்தாலேயே நிறுவலாம் என்று தார்க்கிகர் கூறுவர். பக்திமான்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடுவோம். எம்பெருமானாரோ இதை ஏற்கவில்லை. மாளிகையும் தேரும் பலர் கூடிச் செய்தவை. குயவனுக்கோ சரீரமுண்டு, கர்மமுமுண்டு. அந்த வழியே அநுமானித்துச் சென்றால் பல கர்த்தாக்களோ, நம்மைப் போன்ற குறையுள்ள ஒருவனோதான் கிடைப்பான். குறைவற்ற பரமபுருஷனை அறிவிக்கச் சாஸ்த்ரமே ப்ரமாணம் என்று அறுதியிட்டார். யுக்தி எட்டும் தூரத்தை யுக்தியாலேயே அளந்து காட்டியவர் அவர்.

அப்படியானால் ஆசார்யன் சொன்னதெல்லாம் கேள்வியின்றி ஏற்கத்தக்கதோ? இதற்குத் திருவரங்கத்திலேயே நடந்ததாகக் குருபரம்பரை கூறும் இரண்டு வ்ருத்தாந்தங்களைச் சொல்கிறேன்.

எம்பெருமானார் திருவாய்மொழிப் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டு வந்தார். ஆண்டான் ஆளவந்தாரின் நேர் சிஷ்யர். ஒரு பாசுரத்துக்கு ஆண்டான் பொருளுரைக்க, எம்பெருமானார் வேறு பொருள் தோன்றுகிறதென்று விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் அது, விச்வாமித்ர ஸ்ருஷ்டி போன்றது என்று சொல்லி ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார். செய்தி அறிந்து திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளினார். இருவர் சொன்ன பொருளையும் விசாரித்து, எம்பெருமானார் சொன்ன பொருளையும் தாம் ஆளவந்தாரிடமே கேட்டதுண்டு என்று அருளிச்செய்தார். காலக்ஷேபம் மீண்டும் தொடங்கிற்று. எம்பெருமானாரின் மேதையை மெச்சி இவ்வழக்குத் தீர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கேட்டவர் ஒருவர் சாக்ஷி சொன்னார். ஆண்டானும் அதற்கு இசைந்தார். இத்தனைக்கும் எம்பெருமானார் ஆளவந்தாரிடம் ஒரு நாளும் பாடம் கேட்டவரல்லர். அவர் ஸேவித்தது ஆளவந்தாரின் சரமத் திருமேனியை மட்டுமே. ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யன் போன்றவர் என்று அவர் பின்பொருகால் சொல்லிக்கொண்டதன் பொருள் இதுவே.

மற்றொன்று ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட காலத்தது. எம்பெருமானார் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதி வந்தார். தாம் சொல்வது ஸம்மதமில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிடவேண்டும் என்பது தொடக்கத்திலேயே எம்பெருமானார் இட்ட கட்டளை. சிஷ்யனுக்கு இத்தகைய கட்டளையிட்ட ஆசார்யர்கள் உலகில் எத்தனை பேர் இருப்பார்களோ, தெரியாது. ஜீவாத்மாவின் ஸ்வரூபம் அறிபவனாயிருக்கும் தன்மையே என்று ஓரிடத்தில் அருளிச்செய்தபோது ஆழ்வானுடைய எழுத்தாணி நின்றது. எம்பெருமானுக்குச் சேஷனாயிருக்கும் தன்மையை முன்னிடாமல் ஆத்மாவுக்கு இலக்கணம் கூறலாகாது என்பது அவர் திருவுள்ளம். வாய் திறந்து மறுக்கவில்லை. கை மட்டும் நின்றது. எம்பெருமானாருக்குச் சீற்றம் உண்டாயிற்று. பாஷ்யத்தை ஆழ்வானே செய்துகொள்ளட்டும் என்று சொல்லி எழுந்துவிட்டார். அருகிருந்தவர்கள் ஆழ்வானை அணுகி, இனி என் செய்வீர் என்று வினவினார்கள். உடைமையை உடையவர் எப்படியும் செய்துகொள்ளலாம், இதில் தமக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றார் ஆழ்வான். எழுத்தாணியை அவர் நிறுத்தியதும் ஆசார்ய நியமனம். கோபத்தைத் தாங்கியதும் சேஷத்வம்.

எம்பெருமானார் தனித்திருந்து சாஸ்த்ரார்த்தத்தை மீண்டும் ஆராய்ந்தார். ஆழ்வான் நிறுத்திய இடம் சரியான இடமே என்று தெளிந்தார். அவரை அழைத்து, சேஷத்வத்தை முன்னிட்டு அவ்விடத்தைத் திருத்தி அருளிச்செய்ய, எழுத்தாணி ஓடத் தொடங்கிற்று.