மகவேற்பும் எதிர்பார்ப்பும்

பிறர் வயிற்றிற் பிறந்த பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்ப்பது மனித குலத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். தத்தெடுத்தல், சுவீகாரம், மகவேற்பு எனப் பல பெயர்களால் அது சுட்டப்படுகிறது. யாரை ஏற்கலாம், எவ்வாறு ஏற்கலாம் என்பவற்றுக்குச் சட்டமும் சடங்கும் விடை கூறும். ஏற்க முன்வருவோர் அப்பிள்ளையிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்ற வினாவுக்கோ அறவியலே விடை கூறவேண்டும்.

'எதிர்பார்த்தல்' என்னும் சொல் இருவேறு மனநிலைகளைக் குறிப்பது. உழவன் மழையை எதிர்பார்க்கிறான். கடன் கொடுத்தவன் வட்டியை எதிர்பார்க்கிறான். முன்னதில், நிகழக்கூடியதை உணர்ந்து அதற்குத் தன்னை ஆயத்தஞ் செய்துகொள்ளும் அறிவு உண்டு. பின்னதில், கொடுத்ததற்கு ஈடு கேட்கும் உரிமை உண்டு. மழை பொய்த்தால் உழவன் வானத்தின்மீது வழக்குத் தொடுப்பதில்லை. வட்டி தவறினாற் கடன் கொடுத்தவன் தொடுக்கவே செய்வான். மகவேற்பில் இவ்விரண்டும் தம்முள் மயங்குவதே பல துன்பங்களுக்கு வித்தாகிறது.

இம்மயக்கத்திற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. சொத்துடைமையை அச்சாகக் கொண்ட சமுதாயங்களிற் பிள்ளை இல்லாத குடும்பத்தின் முதற் கவலை, சொத்து யாரைச் சேரும் என்பதாகவும், இறந்த பின் நீர்க்கடன் செய்வோர் யார் என்பதாகவும் இருந்தது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்த தேசவழமையிலும் மகவேற்புக்கு இடமுண்டு. மஞ்சள் நீர் அருந்தும் சடங்கோடு அது நிறைவேறியது. ஆயினும், சொத்துக்கு உரித்தாளராக வரக்கூடிய உறவினரின் சம்மதமே அங்கு இன்றியமையாததாகக் கருதப்பட்டது. குடும்பத்திற்குப் பிள்ளை தேவை என்பதே அன்றைய நோக்கு. இலங்கையின் 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டம் இந்நோக்கைத் திருப்பியது. பிள்ளையின் நலனுக்கு உகந்ததென நீதிமன்றம் திருப்தியுற்ற பின்னரே கட்டளை வழங்கப்படல் வேண்டும் என்றும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும் என்றும் அது விதித்தது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம், மகவேற்பிற் பிள்ளையின் நலனே தலையாயது எனத் தன் 21ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. குடும்பத்திற்குப் பிள்ளை என்ற நிலை மாறிப் பிள்ளைக்குக் குடும்பம் என்ற நிலை சட்டத்தில் உருவாயிற்று.

சட்டம் மாறிய விரைவில் மனம் மாறுவதில்லை. பல்லாண்டு காத்திருந்து, ஊராரின் ஏச்சையும் இரக்கத்தையும் ஒருங்கே சுமந்த தம்பதியர், வரும் பிள்ளை தம் புண்ணை ஆற்றும் என்று நம்புவது இயல்பே. ஆனால் ஆற்றும் பொறுப்பை அறியாத குழந்தையின் தலையில் ஏற்றுதல் நியாயமாகாது. பிறவாத பிள்ளையின் நிழலிற் பிறந்த பிள்ளையை நிறுத்தினால், அது எவ்வளவு வளர்ந்தாலும் அந்நிழலின் அளவை எட்டமாட்டாது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். பெற்ற தாய் சாலியாற் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஆவொன்றின் பாலுண்டு உயிர் தரித்த அக்குழவியை இளம்பூதி என்னும் அந்தணன் கண்டெடுக்கிறான். தன் மகனே எனக் கொண்டாடி வளர்த்து வேதமும் ஓதுவிக்கிறான். அதுவரை குறையேதுமில்லை. வேள்விக்கென நிறுத்திய பசுவை ஆபுத்திரன் விடுவிக்க, ஊர் அந்தணர் வெகுண்டு அவன் பிறப்பை இழித்துரைக்கின்றனர். அப்பொழுது வளர்த்த தந்தையும் அவனைத் தன் இல்லத்திலிருந்து துரத்திவிடுகிறான். இளம்பூதியிடம் அன்பு இல்லாமலில்லை. அவ்வன்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது என்பதே உண்மை. தன்னைப் போல நினைக்கும் மகனை அவன் எதிர்பார்த்தான். தானாகவே நினைக்கும் மகன் வந்தபோது உறவை முறித்தான். வட்டி தவறிய கடனாக அம்மகன் அவனுக்குத் தோன்றினான்.

இராதையின் நிலை வேறு. வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்திற் கண்ணன், கர்ணனின் பிறப்பைக் கூறிப் பாண்டவர் பக்கம் அழைக்கும்போது, கர்ணன் மறுக்கிறான். துரியோதனனுக்குப் பட்ட கடன் ஒரு காரணமாயினும், அதற்கு முன்னர் அவன் சொல்வது வளர்த்தோரைப் பற்றியே. தன்மீது கொண்ட அன்பினால் இராதைக்குப் பால் சுரந்ததையும், தன் மலசலத்தை அவள் பொறுத்ததையும் நினைவுகூர்ந்து, அவளுக்குரிய உறவை எவ்வாறு அறுப்பேன் என்று வினவுகிறான். இராதை அதனைக் கேட்டுப் பெறவில்லை. ஆயினும், கர்ணனைப் போலத் தம் பிள்ளையும் நடக்கும் என்று எண்ணி வளர்ப்போர் மீண்டும் வட்டிக் கணக்கிற்கே திரும்பியவராவர்.

அவ்வாறாயின், உழவனின் நோக்கில் எதிர்பார்க்கத்தக்கவை யாவை? முதலாவது, பிள்ளை வெற்றேடாக வருவதில்லை என்பது. சில மாதமேயாயினும் அதற்கென ஒரு கடந்தகாலம் உண்டு. 1989இல் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபின், அங்கிருந்த அநாதை விடுதிகளிற் கொடிய புறக்கணிப்புக்கு ஆளான குழந்தைகள் பிரித்தானியக் குடும்பங்களுக்கு வந்தனர். மைக்கல் ரட்டர் முதலிய ஆய்வாளர் அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாத வயதுக்கு முன் விடுதியை விட்டு வந்தோர் பெரும்பாலும் ஏனைய பிள்ளைகளை ஒத்து வளர்ந்தனர். அதற்கு மேலும் அங்கே கிடந்தோருட் பலருக்கு உறவு கொள்ளலிலும் கவனஞ் செலுத்தலிலும் இடர்கள் நீடித்தன. அவர்களிலும் சிலர் குறையின்றித் தேறினர். அன்பு பெரிதும் மாற்ற வல்லது, ஆனால் எல்லாவற்றையும் அழித்தெழுத வல்லதன்று என்பதே இதிலிருந்து பெறப்படுவது. அணைக்க வரும் கையைத் தட்டிவிடும் குழந்தை நன்றி கெட்டதன்று. அதற்கு அக்கை இன்னும் பழகவில்லை.

இரண்டாவது, பிள்ளை ஒருநாள் கேட்கும் என்பது. பெற்றவர் யார், ஏன் விட்டனர் என்ற வினா வளர்த்தோர்மீது கொண்ட வெறுப்பினால் எழுவதன்று. பெற்ற தாய் வாய் திறந்து கர்ணனுக்கு உண்மை கூறியது போர் மூளும் தறுவாயில். எந்த உறவையும் அவன் புதிதாக ஏற்க இயலாத வேளை அது. உண்மை பிந்துவதும் ஒருவகை மறுப்பே. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1975ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 18 வயது நிரம்பியோர் தமது மூலப் பிறப்புச் சான்றிதழைப் பெற வழி திறந்தது.

உண்மையே புனையப்பட்டால் நேர்வது இன்னும் கொடிது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்கு மகவேற்பாக அனுப்பப்பட்டனர். ஆவணங்கள் பொய்யாக்கப்பட்டதையும், பெறாத பெண்கள் தாயராக நடிக்க வைக்கப்பட்டதையும் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று வெளிக்கொணர்ந்தது. 2021 பெப்ரவரியில் அந்நாட்டு விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்புகளிற் பாரிய முறைகேடுகளைச் சுட்டிக்காட்ட, அரசு வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது. ஏற்ற பெற்றோருட் பலர் நல்லெண்ணத்தோடே வந்தவர்கள். ஆயினும் அவர்களின் விருப்பம் கேள்வியாயிற்று. கேள்வி சந்தையை உண்டாக்கிற்று. சந்தையில் ஏழைத் தாயின் குரல் கேட்கவில்லை. இக்குழந்தை எவ்வாறு வந்தது என்று வினவுதல் ஏற்போரின் கடமை என்பதை இது உணர்த்துகிறது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். பெற்ற பிள்ளையிடம் நன்றியையும் முதுமைக்காலத் துணையையும் எதிர்பார்ப்பதை உலகம் தவறென்பதில்லை. வளர்த்தோருக்கு மட்டும் ஏன் இக்கட்டுப்பாடு? வேறுபாடு உண்டு. பெற்ற பிள்ளையிடம், "உன்னை வீட்டில் வைத்திருக்கிறோமே" என்று எவரும் சொல்வதில்லை. வளர்ப்புப் பிள்ளையிடம் அயலாரும் உறவினரும் அதையே வெவ்வேறு சொற்களிற் சொல்கின்றனர். அச்சொல்லில், அவ்வீட்டில் இருப்பது உரிமையன்று, சலுகை என்ற கருத்துப் பொதிந்துள்ளது. சலுகையில் வாழும் பிள்ளை பணிவு காட்டும். மகனாகவோ மகளாகவோ இருக்காது. நன்றி தானாகக் கனிந்தால் இனிது. கேட்டுப் பெறும் நன்றி கூலியேயாம்.

பெறுதல் என்ற தமிழ்ச்சொல் ஈனுதலையும் அடைதலையும் ஒருங்கே குறிக்கும். மக்கட்பேறு என்பதில் உள்ள பேறும் அத்தகையதே. ஈன்றோரும் ஏற்றோரும் இருவருமே பெற்றோர்தாம். இருவருக்கும் பிள்ளை வந்து சேர்ந்த செல்வமேயன்றி ஈட்டிய செல்வமன்று. ஆகவே பிள்ளையை ஏற்க முன்வருவோர் பிள்ளையைப் பற்றி நிறைய எதிர்பார்க்கலாம்: அதன் அச்சத்தை, சினத்தை, வினாவை, தம்மின் வேறான ஓர் உள்ளத்தை. பிள்ளையிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியது எதுவுமில்லை. கதவைத் திறந்தவர் தாமே என்பதையும், உள்ளே வந்தது ஓர் உயிர் என்பதையும் மறவாதிருத்தலே அவர்கள் தம்மிடம் எதிர்பார்க்க வேண்டியது.