அடுத்த அலமாரி

நூலகத்தில் சமையல் நூலுக்கு ஓர் அலமாரி, நாவலுக்கு வேறொன்று, சமூக ஆய்வுக்கு மற்றொன்று. தேடி எடுக்க இந்தப் பிரிப்பு வேண்டும். ஆனால் வாசிப்பவரும் ஒரே அலமாரியோடு நின்றுவிட்டால் இழப்பு பெரிது. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ தமிழ்ப் பிராமண வீட்டுச் சமையலை அளவு பிசகாமல் எழுதி வைத்தது. மராத்வாடா பகுதித் தலித் மக்களின் உணவை ஷாஹு பாட்டோளே 2015இல் மராத்தியில் நூலாக்கினார். சமையல் குறிப்பு, சாதி வரலாறு, சொந்த வாழ்வு மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. எந்த அலமாரியிலும் அது முழுதாக அடங்காது. இந்த இரு நூல்களையும் அருகருகே வைத்தால்தான் யாருடைய அடுப்படி அச்சேறியது, யாருடையது நெடுங்காலம் ஏறாமல் கிடந்தது என்ற கேள்வியே எழுகிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலையும் சேர்த்துப் படித்தால், பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு முகம் தருகிறது.

பலதையும் படித்தால் எதிலும் ஆழம் வராது என்பார்கள். நுனிப்புல் மேய்வதைச் சொன்னால் அது சரியே. ஆனால் இங்கே கேள்வி ஒன்றுதான்: உணவு யாருக்கு, எப்படிக் கிடைத்தது? அதைத் துருவிச் செல்பவர் மூன்று அலமாரிகளுக்கும் போயே ஆக வேண்டும். நேரமில்லை என்பது இன்னும் நியாயமான தடை. அப்படியானால், பழகிய துறையில் பத்தாவது நூலைத் தொடும் முன் பக்கத்து அலமாரியில் ஒன்றை எடுக்கலாம்.