தறியும் ஆலையும்



இலையூர், வாரியங்காவல் பக்கம் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது. ஆனால் முன்போல் வீட்டுக்கு வீடு கேட்பதில்லை. இதற்கிடையில் 2024 நவம்பர் 15-ந் தேதி நம் ஜெயங்கொண்டம் சிப்காட்டில், தைவான் நாட்டார் காலணி ஆலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். முதலீடு 1,000 கோடி ரூபாய். வேலை 15,000 பேருக்கு என்று அறிவிக்கப்பட்டது. சென்ற வாரம் ஒரு நெசவாளித் தகப்பனார் கேட்டார்: "பரம்பரைத் தொழிலை விட்டுவிடுவது பாவமா? அல்லது மகனைத் தறிக்குழியில் கட்டிப்போடுவதுதான் பாவமா?"

யந்திரம் தன்னிலே தீமையன்று. நாம் வியக்கும் கம்ப்யூட்டருக்கே நெசவாளியோடு உறவுண்டு. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-ல், துளையிட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் கருவியை அமைத்தார். நம்மூர்ப் பட்டுத் தறிகளின்மேல் தொங்கும் அட்டைக் கோவை அந்த வழியில் வந்ததுதான். பின்னர் இங்கிலாந்தின் பாபேஜ் என்பவர், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அத்துளை அட்டையையே கடன் வாங்கினார். ஆகையால் நெசவாளியைப் பழங்காலத்தான் என்று ஏளனம் செய்யும் நம் வாலிபர், கையிலுள்ள செல்போனைப் பார்த்துச் சற்று நாவை அடக்குவது நலம்.

பின், அநியாயம் எங்கே இருக்கிறது? கூலியில் இருக்கிறது. 2009-10 கணக்கெடுப்பில் நம் தேசத்தில் 43.31 லட்சமாயிருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20-ல் 35.22 லட்சமாய்க் குறைந்தனர். அந்த 2019-20 கணக்கெடுப்பின்படி, நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதித்தன. தகப்பன் நெய்கிறான், தாய் தார் சுற்றுகிறாள், கிழவனார் பாவு இழை பிணைக்கிறார், கூலியோ ஓர் ஆளுக்குரியது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிற வியாபாரி, வாங்குகிறவரை மட்டுமல்ல, நெய்தவனையும் ஏய்க்கிறான். இது ஏழாம் கற்பனைக்கு விரோதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நியாய விலையையும் அடித்துப் பேசிக் குறைத்துவிட்டுப் பெருமை கொள்ளும் நம் தாய்மார்களைப் பற்றி என்ன சொல்ல! (தகப்பன்மாரும் இளைத்தவர்கள் அல்லர்.)

"அவன்தான் அந்தக் கூலிக்குச் சம்மதித்தானே!" என்பார்கள். பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ல் எழுதிய நிருபத்தில் இதற்கு விடையுண்டு: பசிக்கு அஞ்சி ஒருவன் சம்மதித்ததனால் மட்டும் கூலி நீதியாகிவிடாது, சிக்கனமாய் வாழும் தொழிலாளியைத் தாங்க அது போதுமானதாயிருக்க வேண்டும். 2025-ல் தெரிந்தெடுக்கப்பட்ட 14-ஆம் சிங்கராயர் அதே நாமத்தை ஏற்றதற்கு, செயற்கை அறிவால் இந்நாளில் உழைப்புக்கு எழுந்துள்ள புதிய சவால்களும் ஒரு காரணம் என்று தாமே கூறினார்.

இதே அளவுகோலைப் புதிய ஆலைக்கும் பிடிக்க வேண்டாமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான வாலிபர், பெண்கள் உள்பட, வீடு திரும்பினர். பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990-களில் நிலம் எடுக்கப்பட்ட நம் கிராமத்தார், மின் நிலையம் வராமலே கால் நூற்றாண்டு காத்திருந்தனர். பெரிய முதலீடு வருகிறது என்று மகிழலாம். ஆனால் அது எத்தனை நாள் தங்கும், போகும்போது யார் கையில் என்ன மிஞ்சும் என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்பது முன்னேற்றத்துக்குப் பகையன்று.

தகப்பனாருக்கு நான் சொன்னது இவ்வளவே: மகனைத் தடுக்கக் கடமையில்லை. பிள்ளைகள் தறிக்குப் பலியாக வேண்டுமென்று சர்வேசுரன் கேட்கவில்லை. தறி நிற்க வேண்டுமென்று ஆசைப்படுகிற நாம்தான் அதற்குரிய விலையைக் கொடுக்கக் கடன்பட்டவர்கள். பார்த்து ரசிப்பது நாம், பட்டினி கிடப்பது அவன் என்றால், அது பாரம்பரியத்தின்மீது கொண்ட அன்பாகுமா?

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். மகன் ஆலை வேலைக்கு மனுப் போடப்போகிறானாம். தறியை இன்னும் பிரிக்கவில்லை. நம் பங்கிலேயே ஒரு கலியாணத்துக்கு நெய்கிற சேலை அதில் பாதியில் நிற்கிறது. என்ன விலைக்குப் பேசியிருக்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.