உபசாரமும் வாய்மையும்

மனிதர் ஒருவரோடொருவர் பழகும் முறை சமுதாயத்துக்குச் சமுதாயம் வேறுபடும் என்பது யாவரும் ஒப்புவதே. ஆயின், ஒரு சமுதாயத்தின் உபசாரம் பிறிதொரு சமுதாயத்தாருக்குப் பொய்யாகத் தோன்றுமிடத்து, எதனை அளவுகோலாகக் கொண்டு தீர்ப்பது?

இவ்வினாவை ஸ்பானிய மொழி பேசும் மக்களின் வழக்கங்களைக் கொண்டு ஆராயலாம். 1984இல் திரியாண்டிஸ் முதலிய உளவியலாளர் ஐக்கிய அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானியரின் பழகுமுறையைச் ‘சிம்பத்தியா’ என்னும் சொல்லால் விளக்கினர். பிணக்கைத் தவிர்த்தலும், பிறர் மனங்கோணாது இனிமையாகப் பழகுதலும் அதன் சாரமாகும். எனினும், ஸ்பானிய மொழியினர் யாவரும் ஓரச்சில் வார்க்கப்பட்டவரல்லர். ஸ்பெயினில் முன்பின் அறியாதவரையும் ‘தூ’ என ஒருமையில் விளித்தல் இன்று இயல்பாகிவிட்டது. கொலம்பியாவின் பொகோட்டா நகரிலோ உற்றாருக்கிடையிலும் ‘உஸ்தெத்’ என்னும் மரியாதைச் சொல் வழங்குகின்றது.

மெக்சிக்கோவில் நேரே மறுத்துரைத்தல் பெரும்பாலும் பண்பாகக் கருதப்படுவதில்லை. ‘அவோரித்தா’ என்பர். ‘இதோ, இப்போதே’ என்பது அதன் நேர்ப்பொருள். அந்த ‘இப்போது’ ஒரு நொடியில் வரலாம், மாலையில் வரலாம், வராமலே போகவும் கூடும். அயலார் இதனைப் பொய்யெனக் கருதுதல் எளிது. ஆனால், பொய்யை எந்நிலையிலும் ஏற்காத கான்ற் என்னும் மெய்யியலாளரே, கடிதத்தின் இறுதியில் ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்றெழுதுவது பொய்யாகுமா என 1797இல் வினவி, அதனால் எவரும் ஏமாறுவதில்லை எனக் குறித்தார். சொல்பவரும் கேட்பவரும் பொருளை ஒருங்கே உணர்ந்தவிடத்து வஞ்சனைக்கு இடமில்லை.

எனினும் இவ்விடை முழுமையானதன்று. அதே மெக்சிக்கோவில், பெரியோர் அழைத்தால் ‘மாந்தே’, அதாவது ‘கட்டளையிடுங்கள்’, என விடையிறுக்கச் சிறுவர் பழக்கப்படுகின்றனர். அவ்வாறு வளர்ந்த பணிப்பெண்ணொருத்தி தன் கூலியைக் கேட்கிறாள் எனக் கொள்வோம். எசமானி ‘அவோரித்தா’ என்கிறாள். அச்சொல்லின் பொருளைப் பணிப்பெண் நன்கறிவாள், அவள் ஏமாறவில்லை. ஆயினும் அன்றைய உணவுக்கு அவள் கையில் பணமில்லை. மீண்டும் கேட்டால் அது மரியாதைக் குறைவாகிவிடும். தராதிருப்பதை எவரும் அவ்வாறு கூறார்.

ஆகவே, உபசாரத்தை ஆராயும்போது ஏமாறுவோர் உளரோ என்று மட்டும் வினவுதல் போதாது. காத்திருப்பவர் யார், அவர் மறுத்துரைக்க இயலுமா என்றும் வினவுதல் வேண்டும். இருவரும் மாறிமாறிப் பொறுத்துக்கொள்ளும் வழக்கத்தை அயலார் பழித்தல் தகாது. எளியவரே என்றும் பொறுக்க நேரும் வழக்கத்தை, அது நமதாயினும் பிறரதாயினும், பண்பாடு எனக் கூறி விட்டுவிடுதலும் தகாது.