அறியாது அளித்த கொடை

உடலுக்கு எல்லை வகுப்பது தோல். அதற்கு உட்பட்டதை ‘நான்’ என்றும், அப்பால் உள்ளதைப் ‘பிறர்’ என்றும் மனிதன் கருதுகிறான். ஒருவரது தோலின் உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் பெருகி, அவர் கண்டறியாத மற்றொருவரின் புண்ணை ஆற்றினால், அங்கே கொடுத்தவர் யார்? கடன்பட்டவர் யார்?

மனிதத் தோலின் உயிரணுக்களை உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்க்கும் முறையை 1975-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகியோர் வெளியிட்டனர். தீயில் ஏறக்குறைய உடல் முழுதும் வெந்த இரு சிறுவர்கள், அவர்களுடைய தோலின் சிறு துண்டுகளிலிருந்து வளர்த்த தோலால் உயிர் பிழைத்த செய்தி 1984-இல் வெளிவந்தது. அங்கே அவரவர் தோல் அவரவருக்கே திரும்பியது.

1998-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற ‘அப்ளிகிராஃப்’ அத்தகையது அன்று. பிறந்த ஆண் குழந்தைகளின் நுனித்தோலை அகற்றும் வழக்கம் அந்நாட்டு மருத்துவமனைகளில் உண்டு. அவ்வாறு நீக்கப்பட்ட தோலின் அணுக்களே இதற்கு மூலம். நெடுநாள் ஆறாத கால் புண்களுக்கும், 2000 முதல் நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களுக்கும் இது பயன்படுகிறது. அந்த அயல் அணுக்கள் நோயாளியின் உடலில் நிலைத்து வாழ்வதில்லை. அவரது சொந்த அணுக்களைத் தூண்டி எழுப்பிவிட்டு, சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன.

இது தானமா? தானத்திற்குப் பொருள் மட்டும் போதாது. கொடுக்கும் மனமும் வேண்டும். அக்குழந்தை எதையும் மனமுவந்து கொடுக்கவில்லை. ஆகவே ஈந்தவன் என்ற பெருமை அதற்கு உரியதன்று. எனினும், ‘கழிவாகப் போகவேண்டியதுதானே! யாருக்கு என்ன நட்டம்?’ என்று கூறி அமைவதும் முறையன்று. கொடுத்தவரின் எண்ணத்தைப் பொறுத்தது அவரது புண்ணியம். பெற்றவரின் கடனோ, அவர் பெற்றதைப் பொறுத்தது. மரம் நினைத்து நிழல் தருவதில்லை. அதனால் அதன் நிழலில் இளைப்பாறியவன் அதை வெட்டலாம் என்று ஆகிவிடுமா?

முகமறியாதவருக்குப் பட்ட கடனை அவரிடமே தீர்க்க இயலாது. மற்றொருவருக்கு உதவியே தீர்க்க வேண்டும். தயாரிப்பவருக்கும் இக்கடன் உண்டு. உழைப்புக்கும் செலவுக்கும் உரிய விலையைப் பெறுவது நியாயமே. ஆனால் ஒரு சிசுவிடமிருந்து விலையின்றி வந்தது, விலை கொடுக்க இயலாத ஏழையின் புண்ணுக்கு எட்டாமற்போவது நியாயமாகாது.

ஏனையோருக்கும் ஒரு வழி திறந்தே உள்ளது. இறந்த ஆறு மணி நேரத்திற்குள் எடுக்கப்படும் தோலைப் பதப்படுத்திக் காக்கும் தோல் வங்கிகள் மும்பை முதலிய இந்திய நகரங்களில் இயங்குகின்றன. தீக்காயமுற்றவரின் சொந்தத் தோல் வளரும்வரை அது அவரைக் காக்கும் போர்வையாகிறது. அறியாத குழந்தையின் தோலே ஒருவர் துயரைத் துடைக்குமாயின், அறிந்த மனிதன் மனமுவந்து அளிப்பது எத்துணைச் சிறப்புடையது! அதுவே முழுமையான தானம்.