தோற்றவரின் பங்கு

ஜெயித்தவருக்கு ஜனநாயகம் எப்போதும் இனிக்கும். தோற்றவர் மறுநாள் காலையில் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் கேள்வி.

கிறிஸ்டோபர் ஆண்டர்சனும் கிறிஸ்டின் கில்லரியும் 1997இல் பதினொரு ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஜெயித்த கட்சியே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் அமைப்புகளில், ஜெயித்தவர் திருப்திக்கும் தோற்றவர் திருப்திக்கும் இடையே பெரிய இடைவெளி. அதிகாரத்தைப் பகிரும் அமைப்புகளில் அது குறைவு. அதாவது, மக்களின் அதிருப்தியில் விதிகளுக்கும் பங்கு இருக்கிறது.

நியூசிலாந்தைப் பாருங்கள். 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியது தொழிற்கட்சி. ஆட்சியமைத்தது தேசியக் கட்சி. 1981இல் வாக்களித்தவர்களில் ஐந்தில் ஒருவர் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சியைத் தேர்ந்தெடுத்தார். 92 இடங்களில் அதற்குக் கிடைத்தது 2. எங்க தொழில் பாஷையில் சொன்னால், இது பக் இல்லை. புரோகிராம் எழுதியபடியே ஓடியிருக்கிறது. கோபப்பட ஆளே இல்லாத அநியாயம் இது.

1984இல் தொழிற்கட்சி ஜெயித்தது, ஆணையம் அமைத்தது. 1986இல் ஆணையம் விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் இப்போது ஜெயித்த பக்கம் இருந்த கட்சிக்கு அவசரமில்லை. 1993 பொதுவாக்கெடுப்பில் சுமார் 54 சதவீதம் பேர் மாற்றத்தைக் கேட்ட பிறகுதான் விதி மாறியது.

உடனே நிம்மதி வந்ததா? இல்லை. 1996இல் 17 இடங்கள் வென்ற வின்ஸ்டன் பீட்டர்ஸ் சுமார் இரண்டு மாதம் பேரம் பேசி, கடைசியில் தேசியக் கட்சியோடு சேர்ந்தார். அந்த ஆட்சியை மாற்றத்தான் அவருக்கு ஓட்டுப் போட்டோம் என்று பலர் கொதித்தார்கள். ஆனாலும் 2011இல் மறுபடி கேட்டபோது, இந்த முறையே இருக்கட்டும் என்றார்கள். எரிச்சலான பேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்; எண்ணப்பட்டும் கணக்கில் வராமல் போவதைப் பொறுப்பது கஷ்டம்.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் நான்கில் ஒருவர் திமுகவுக்கு வாக்களித்தார். இடம் பூஜ்ஜியம். அலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

விதியை மாற்றும் அதிகாரம், அந்த விதியால் ஜெயித்தவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியை நம் கட்சி தோற்ற அன்று கேட்பதில் பெரிய நேர்மை இல்லை. ஜெயித்த அன்று கேட்க முடியுமா?